வஜ்ரஜித்து சொன்னது

ஏம்மா, ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டியே? யூடியூப்ல இருக்கிற ஒரு வீடியோவ, இன்னைக்குப் பன்னெண்டு மணிக்குள்ள இல்லாம ஆக்க முடியுமா?

சிரிக்காதமா. நெசமாத்தான் கேக்குறேன். பேக்குல காலேஜ் பேரு போட்டிருந்துச்சு, அதான் கேட்டேன். கம்ப்யூட்டர் படிக்கிறியா? ஓ, பயோடெக்கா. சரி, எதுவா இருந்தாலும் என்னைய விட உனக்குத் தெரியும்ல. என் வீடியோ இல்லமா அது. எவனோ முகம் தெரியாதவன் போட்டிருக்கான். ரிப்போர்ட்டுன்னு ஒண்ணு இருக்குல்ல, அத அமுக்கியாச்சு. கடையில எங்கூட வேலை பாக்குற புள்ளைக போன் எல்லாத்துலயும் அமுக்கியாச்சு. ஆபாசம்னு போட்டோம், தீவிரவாதம்னு போட்டோம். ஒண்ணும் ஆகல. காலையில பஸ் ஏறுறப்பக் கூட பாத்தேன், குத்துக்கல்லு மாதிரி அப்படியே கெடக்கு.

நான் ராஜபாளையத்துல இறங்கணும். நீ? தென்காசியா. அப்ப நீ எனக்கு அப்புறமும் போவ. இன்னும் திருமங்கலமே தாண்டல. நேரம் கெடக்கு. முழுசாச் சொல்றேன், கேட்டுட்டு நீயே ஒரு வழி சொல்லு.

வஜ்ரஜித்துன்னு ஒரு நாடகம். உனக்குத் தெரியாது, நீயெல்லாம் அப்பப் பொறக்கவே இல்ல. ஞாயித்துக்கிழமை மத்தியானம் பன்னெண்டு மணிக்கு வரும். இந்தியில வரும். ஒரு சாதா வாத்தியாரு, கண்ணாடி போட்டுக்கிட்டு பம்மிப் பம்மி நடப்பாரு. ஆபத்துன்னா ரெண்டு கையையும் நெஞ்சுல குறுக்காக் கட்டிக் கண்ண மூடுவாரு. அவ்வளவுதான், உடம்பு பூரா வைரமாயிரும். குண்டு பட்டாலும் தெறிச்சிரும். அதான் வஜ்ரஜித்து. நாங்க அப்ப ராஜபாளையத்துல மில்லு குவார்ட்டர்ஸ்ல இருந்தோம். எங்கப்பா மில்லுல ஃபிட்டர். வரிசையா லைன் வீடு. அதுல எங்க வீட்லதான் கலர் டிவி. ஞாயித்துக்கிழமை பதினொன்றரைக்கே லைன்ல இருக்கிற அத்தனை வாண்டுகளும் எங்க வீட்டுத் தரையில வந்து உக்காந்துரும். நான் மட்டும் நாற்காலியில. ஏன்னா எனக்குத்தான் இந்தி தெரியும்.

நெசமா. பெருமைக்குச் சொல்லல. நான் இந்தி டியூஷன் போய்க்கிட்டு இருந்தேன். பன்னெண்டு வயசு எனக்கு. அவன் ஒரு வரி பேசுவான், உடனே எல்லாரும் டிவிய விட்டுட்டு என்னையப் பாப்பாங்க. "ஈசுக்கா, என்ன சொல்றான்? ஈசுக்கா, என்ன சொல்றான்?" என் பேரு சங்கரேஸ்வரி, எல்லாருக்கும் ஈசு. நான் சொல்வேன். சும்மா சொல்றதில்ல, அவன் குரலாட்டமே கட்டையா மாத்திச் சொல்வேன். மில்லு மேஸ்திரி பொண்டாட்டி கூட ஒரு நாள் வாசல்ல நின்னு கேட்டுட்டு, "இந்தப் புள்ள டெல்லிக்கே போயிரும்டீ"ன்னு எங்கம்மாகிட்ட சொல்லுச்சு. டெல்லிக்குப் போகல. மதுரையில ஜவுளிக்கடையில மேட்சிங் பிளவுஸ் செக்ஷன்ல நிக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வாரேன். ஒவ்வொரு வாரமும் கதை முடிஞ்சதும், கடைசி ரெண்டு நிமிஷம் அவன் நேரா நம்மளப் பாத்துப் பேசுவான். புள்ளைகளுக்குப் புத்திமதி. பல்லு வெளக்கு, பட்டம் விடுறப்ப கரண்டு கம்பிகிட்ட போகாத, அந்த மாதிரி. புள்ளைக சாமி வாக்கு மாதிரி கேக்கும். அதுல ஒரு வாரம், இருபத்தோராவது பாகம், நாய் கடிச்சா அம்மாகிட்ட சொல்லாதீங்கன்னு சொல்லிட்டான். வலியத் தாங்கிக்கிட்டு சும்மா இருக்கிறவனுக்குத்தான் வைர உடம்பு வரும், போய்ச் சொல்றவனுக்கு இருக்கிற சக்தியும் போயிரும்னு சொல்லிட்டான்.

ஒரு உசிரு போச்சும்மா அதுல.

டிவில அப்படிச் சொல்வாங்களான்னு கேக்குற. கேக்கத்தான் செய்வ. பொறு, வாரேன்.

தங்கப்பாண்டின்னு ஒரு பய. பக்கத்து வீடு. என் தம்பி சுப்புராமனும் அவனும் ஒரே வகுப்பு, ஒம்பது வயசு. ரெண்டும் ஒட்டிக்கிட்டே திரியும். அவங்கம்மா அன்னலட்சுமி அத்தை, மில்லுல ரீலிங் செக்ஷன்ல நூல் சுத்துற வேலை. சொந்த அத்தை இல்ல, ஆனா எங்களுக்கு அத்தைதான். புருஷன் இல்லாத பொம்பள, ஒத்தப் புள்ள. கோவம் வந்தா அடிக்கக் கை கொஞ்சம் நீளும். அந்தப் பாகம் வந்து ஒரு பத்து நாள் இருக்கும், மில்லு கேண்டீனுக்குப் பின்னாடி ஒரு செவல நாய் தங்கப்பாண்டியத் தொடையில கடிச்சிருச்சு. கூட இருந்தது என் தம்பி மட்டுந்தான். ரெண்டு பயலும் கர்ச்சீப்ப வச்சு ரத்தத்தத் தொடச்சிட்டு, டவுசர இழுத்து விட்டுட்டு, வஜ்ரஜித்து மேல சத்தியம் பண்ணியிருக்கானுக. யார்கிட்டயும் சொல்றதில்லன்னு. டவுசர் மறைச்சிருச்சு. காயமும் ஆறிப்போச்சு. எவனுக்கும் தெரியாது.

ஒன்றரை மாசம் கழிச்சு ஒரு நாள் காலையில, அத்தை டம்ளர்ல தண்ணி குடுத்திருக்கு. வாங்கி வாய்கிட்ட கொண்டு போனவன் தூக்கி எறிஞ்சிட்டான். கழுத்து வெட்டி வெட்டி இழுக்குது. தாகம்ங்கிறான், தண்ணியக் காட்டுனா அலறுறான். ஃபேன் காத்து பட்டாக் கூட கத்துறான். அப்பத்தான் என் தம்பி ஓடியாந்து சொன்னான், நாய் கடிச்சுச்சுன்னு. மில்லு வேன்ல தூக்கிப் போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. வேன்ல ஏத்துறப்ப நான் வாசல்லதான் நின்னேன். அந்தப் பய ரெண்டு கையையும் நெஞ்சுல குறுக்காக் கட்டியிருந்தான். சுப்புவப் பாத்து, "நான்தான் யார்கிட்டயும் சொல்லலல்லடா, பெறகு ஏன்டா வரல"ன்னு கேட்டான். மறுநாளே முடிஞ்சு போச்சு.

தண்ணி இருக்கா உங்கிட்ட? ஒரு வாய் குடு.

லைன்ல ஒரே கொந்தளிப்பு. சுப்பு அந்தச் சத்தியத்தையும் சொல்லிட்டான், எல்லாருக்கும் நாடகத்து மேலதான் கோவம். எங்கப்பா டிவியத் துணியப் போட்டு மூடிட்டாரு. அன்னலட்சுமி அத்தை எங்க வீட்டு வாசல்ல உக்காந்து, "எம்புள்ளையக் கொன்ன பாவி யாருடா, அவன் மூஞ்சியக் காட்டுங்கடா"ன்னு மண்ணள்ளித் தூத்துச்சு. யூனியன்காரங்க கூடி டெல்லிக்கு லெட்டர் போடணும்னாங்க. தமிழ்ல போட்டா அவனுக்கு என்ன தெரியும், இந்தியில போடுங்கன்னாங்க. யாரு எழுதுறது? என்னையக் கூப்பிட்டாங்க. பெரிய தாள் ஒண்ணக் குடுத்தாங்க. சுத்தி இருபது பேரு நிக்கிறாங்க. நான் எழுதுனேன். எனக்குத் தெரிஞ்சத எழுதுனேன். இது பேனா, அது மேசை, என் பேர் சங்கரேஸ்வரி, சீதா பள்ளிக்கூடம் போகிறாள். பக்கம் நெறைய எழுதிக் குடுத்தேன். எல்லாரும் கீழ கையெழுத்துப் போட்டாங்க. அன்னலட்சுமி அத்தையும் போட்டுச்சு. அதுக்குக் கையெழுத்து மட்டுந்தான் தெரியும், வாசிக்கத் தெரியாது. பதில் வரல. டெல்லிக்காரனுக்கு ஈவு இரக்கம் இல்லன்னு ரொம்ப நாள் பேசிக்கிட்டாங்க.

என்ன அப்படிப் பாக்குற? ஆறு மாசந்தான் போனேன் டியூஷனுக்கு. ஆறு மாசத்துல எவ்வளவு வரும்? எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் சொன்னேன். தெரியாத எடத்துல படத்தப் பாத்துச் சொன்னேன். நீயா இருந்தாலும் அதத்தான் பண்ணியிருப்ப. அத்தனை பேரு வாயப் பாத்துக்கிட்டு இருக்கிறப்ப, எனக்குத் தெரியலன்னு சொல்லிப் பாரேன். நாங்கல்லாம் தமிழ் ஆளுக. எங்களுக்கு இந்தியில நாடகம் போட்டா நாங்க என்ன பண்ணுவோம்? தப்பு யார் மேல?

டி.கல்லுப்பட்டி வந்துருச்சா? அடியாத்தி, என்ன இந்த டிரைவரு இப்படிப் பறக்குறாரு. மத்த நாள்ல உருட்டிக்கிட்டுப் போவாங்க.

போன சித்திரையில, கடையில சாப்பாட்டு நேரம். மேல ஸ்டாக் ரூம்ல உக்காந்து போன நோண்டிக்கிட்டு இருக்கேன், திடீர்னு வந்து நிக்கிறான் வஜ்ரஜித்து. எவனோ பழைய கேசட்டுல இருந்து எடுத்து அத்தனை பாகத்தையும் போட்டிருக்கான். அதோட விட்டானா? கீழ தமிழ்ல எழுத்து வேற ஓட விட்டிருக்கான். எனக்கு அப்படியே புல்லரிச்சுப் போச்சு. அந்த மியூசிக்கக் கேட்டதும் அழுதுட்டேன்னா பாத்துக்கோ. உடனே லிங்க்க எடுத்து சுப்புவுக்கு அனுப்பிட்டேன். "டேய், யாரு வந்திருக்கான்னு பாரு"ன்னு போட்டேன். ஒண்ணாவது பாகத்தக் கூட முழுசாப் பாக்காம அனுப்பிட்டேன். என் கைய வெட்டிப் போடணும்.

தெனமும் சாப்பாட்டு நேரத்துல ஒரு பாகம் பாத்தேன். மொதல்ல ஒரே சிரிப்பு. அந்த வைர உடுப்பு இருக்கே, அது என்னங்கிற? லைனிங் துணிமா. உள்பாவாடைக்கு அடிக்கிற சாட்டின். இடுப்புகிட்ட தையல் விட்டிருக்கு. பதினஞ்சு வருஷமா துணிக்குள்ளயே கெடக்குறேன், எனக்குத் தெரியாதா? குகைன்னு காட்டுறது பூரா தெர்மாகோல். கீழ எழுத்து ஓடுதுல்ல, அதப் படிக்கப் படிக்கத்தான் எனக்கு ஒரு மாதிரி ஆச்சு. ஆந்தை மண்டையன்னு ஒரு வில்லன், சூரியனத் திருட வந்த அரக்கன்னு நான் சொல்லி வச்சிருந்தேன். பாத்தா அவன் வாத்தியாரோட சித்தப்பாவாம். சொத்துத் தகராறாம். வஜ்ரஜித்தோட தங்கச்சின்னு ஒரு பொண்ண நான் சொன்னேன், லைன் புள்ளைக எல்லாம் தங்கச்சி, தங்கச்சின்னு உருகுச்சுக. அது அவன் கட்டிக்கப் போற பொண்ணாம். கண்ராவி.

அப்படியே சிரிச்சுக்கிட்டே ஏழு, எட்டு, ஒம்பதுன்னு வந்தேன். ஒரு வார்த்தை கூட, ஒரே ஒரு வார்த்தை கூட நான் சொன்னது இல்ல. பத்துக்கு மேல சிரிப்பு வரல. இருபத்தொண்ணு வருதே, இருபத்தொண்ணு வருதேன்னு எண்ணிக்கிட்டே இருக்கேன். பதினெட்டோட நிறுத்திட்டேன். ஒரு வாரம் போனத் தொடல. கஸ்டமருக்குக் கிளிப்பச்சை கேட்டா மாம்பழ மஞ்சளை எடுத்து விரிக்கிறேன். அப்புறம் ஒரு நாள், என்ன ஆனாலும் ஆகட்டும்னு நேரா இருபத்தொண்ணப் போட்டேன்.

கடைசி ரெண்டு நிமிஷம். ஒரு பையன் நடந்து போறான். நாய் கடிக்குது. பையன் அழுதுக்கிட்டே அம்மாகிட்ட ஓடிப்போய்க் காலக் காட்டுறான். அம்மா கட்டிப் பிடிச்சுக்குது. அடுத்தாப்ல ஒரு டாக்டர் ஊசி போடுறாரு. அப்புறம் வஜ்ரஜித்து வந்து ஒத்த வெரலத் தூக்கிக்கிட்டுப் பேசுறான். கீழ எழுத்து ஓடுது. எனக்கு மனப்பாடம், சொல்லவா? "குழந்தைகளே, நாய் கடித்தால் மறைக்காதீர்கள். காயத்தைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். உடனே அம்மாவிடம் சொல்லுங்கள். அம்மா அடிக்க மாட்டார்." அவ்வளவுதான்மா. கும்பிட்டுட்டுப் போயிட்டான்.

எழுத்துப் போட்டவன் தப்பாப் போட்டுட்டான்னுதான் நான் மொதல்ல நெனச்சேன். எங்க கடையில ராஜஸ்தான்ல இருந்து சரக்கு போட வர்ற சேட்டு பையன் ஒருத்தன் உண்டு. அவங்கிட்ட காட்டுனேன். "சரியாத்தான்க்கா இருக்கு"ன்னுட்டான்.

ஏன் அப்படி மாத்திச் சொன்னேன்னு கேக்குறியா? கேளு, கேளு. இத நான் எங்க வீட்டுக்காரர்கிட்ட கூட சொன்னதில்ல. நீ யாரோ, நான் யாரோ, இறங்கிட்டா முடிஞ்சுது. அந்த வாரம் நான் டியூஷனுக்கே போகல. போறேன்னு சொல்லிட்டு பஞ்சு குடோன் பின்னாடி போய் விளையாடிக்கிட்டு இருந்தேன். சுப்பு பாத்துட்டான். "அம்மாகிட்ட சொல்லப் போறேன்"னு வெள்ளிக்கிழமையில இருந்து மிரட்டிக்கிட்டே இருந்தான். அம்மாகிட்ட சொன்னா என்ன ஆகும்? டியூஷன் போகலன்னு தெரிஞ்சா, இந்தி தெரியாதுன்னு தெரியும். அப்புறம் எனக்கு அந்த நாற்காலி ஏது? ஞாயித்துக்கிழமை டிவில அந்தப் பையன் அம்மாகிட்ட ஓடுறான். ஊசி போடுறாங்க. எனக்குச் சட்டுனு வாயில வந்துருச்சு. "பாத்தீங்களா, அம்மாகிட்ட போய்ச் சொன்னான்ல, அதான் அவனுக்குச் சக்தி போயிருச்சு. அதுக்குத் தண்டனைதான் ஊசி. எதையும் அம்மாகிட்ட சொல்லாதவன்தான் வைர உடம்புக்காரன்னு சொல்றான்." சுப்புவுக்காகச் சொன்னதுமா அது! சுப்பு வாயடைக்கச் சொன்னது! தங்கப்பாண்டி அங்க உக்காந்திருந்தானான்னு கூட எனக்கு நெனப்பு இல்ல.

பன்னெண்டு வயசுப் புள்ள ஏதோ சொல்லுச்சு. அத ஒரு கொலைக்குத்தம் மாதிரி... உன் மூஞ்சி சொல்லுது.

இப்ப என்ன வந்துச்சுங்கிறியா? சுப்பு இன்னும் ராஜபாளையத்துலதான் இருக்கான். பேண்டேஜ் துணி நெய்யிற தறியில வேலை. அன்னலட்சுமி அத்தை அவன் வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளி, ஒத்தையில. அவன்தான் பாத்துக்கிறான். இருபத்தேழு வருஷமா அந்தப் பொம்பளைக்கு ஒரே கேள்வி. "எனக்குப் பயந்துதான் எம்புள்ள சொல்லாம விட்டானா?" ஏன்னா, நாய் கடிச்சதுக்கு மொத நாள்தான், டவுசரக் கிழிச்சுக்கிட்டு வந்தான்னு அது அவனை வெளக்கமாத்தால அடிச்சிருந்துச்சு. இன்னொரு தடவை ரத்தத்தோட வந்தா தோல உரிச்சிருவேன்னும் சொல்லியிருந்துச்சு. அந்தச் சொல்லு அதத் தின்னுக்கிட்டு இருக்கு. கல்யாண வீட்ல பாத்தாலும் கேக்கும், எழவு வீட்ல பாத்தாலும் கேக்கும். சுப்பு சொல்வான், "இல்லத்தை, உங்களுக்குப் பயந்து இல்ல, வஜ்ரஜித்து சொல்லக்கூடாதுன்னான், அதான் சொல்லல." அன்னைக்கு நாடகத்தத் திட்டுனாலும், இப்ப அது நம்பாது. "எம்மனசத் தேத்தச் சொல்ற"ன்னு சொல்லும். அவனுக்கும் கூட இருந்தும் சொல்லாம விட்டோமேன்னு உள்ளுக்குள்ள ஒரு அரிப்பு. ரெண்டு பேருக்கும் அந்த வஜ்ரஜித்து பழியச் சுமந்தாத்தான் நிம்மதி.

நான் அனுப்புன லிங்க்க வச்சு அவன் ஒண்ணாம் பாகத்துல இருந்து பாக்க ஆரம்பிச்சிருக்கான். பழைய மாதிரியே ஞாயித்துக்கிழமை பன்னெண்டு மணிக்கு ஒரு பாகம். முன்னாடி தாவிப் பாக்கமாட்டான், அப்படி ஒரு வைராக்கியம். நான் சொன்னதுக்கும் எழுத்துல வர்றதுக்கும் ஒத்துப் போகலன்னு கண்டுபிடிச்சிருப்பான்ல? கேட்டான். "ஏன்கா, சித்தப்பான்னு போட்டிருக்கான்?"னு. "அவனுக என்னத்தையாவது எழுதுவானுகடா"ன்னு சொல்லிச் சமாளிச்சேன். போன வாரம் போன் பண்ணி, "அடுத்த ஞாயிறு இருபத்தொண்ணு. அத்தைய வீட்டுக்கு வரச் சொல்லிட்டேன். அது கண்ணால பாக்கட்டும், காதால கேக்கட்டும். சாகுறதுக்குள்ள அதோட கேள்விக்கு ஒரு முடிவு வரணும்கா. நீயும் வா"ன்னான். அந்த ஞாயிறு இன்னைக்கு.

அதான் கேக்குறேன், அழிக்க முடியுமா? முடியாதா. சரி, விடு. கரண்டு போனாக் கூடப் போதும். அத்தைக்கு எழுத்து தெரியாது. நான் பக்கத்துல உக்காந்து அன்னைக்குச் சொன்னதையே சொல்லிட்டா, அதுக்கு நிம்மதி. உங்களுக்குப் பயந்து இல்லத்தை, இந்தா இவன் வாயாலயே சொல்றான் பாருங்கன்னு முடிச்சிரலாம். பொய்தான். அந்தப் பொய்யால யாருக்கு நட்டம்? ஆனா சுப்பு இருக்கானே. அவன் எழுத்தப் படிச்சிருவானே.

இரு, போன் அடிக்குது. அவன்தான்.

சொல்லுடா. கிருஷ்ணன்கோவில் தாண்டிட்டோம். இந்தா, ஸ்ரீவில்லிபுத்தூர் வந்துருச்சு. ம். ம். என்னது? எப்ப? ஏன்டா, நீதான் முன்னாடியே பாக்கமாட்டேன்னியே... டிவில வருதான்னு பாக்கப் போட்டியா. சரி. டேய், அது வந்து... சுப்பு. நான் சொல்றதக் கேளு. அத்தைகிட்ட சொல்லிட்டியா? என்னத்தடா சொல்லச் சொல்ற என்னைய? டேய். டேய், சுப்பு.

வச்சிட்டான்.

பாத்துட்டானாம். டிவில போன இணைக்க முடியுதான்னு நேத்துச் சாயங்காலம் போட்டுப் பாத்திருக்கான். முழுசாப் படிச்சிட்டான். கத்தலமா. கத்துனாக் கூடப் பரவால்ல. "நான் அத்தைகிட்ட ஒண்ணும் சொல்லலக்கா. நீதான அன்னைக்கும் அர்த்தம் சொன்ன, இன்னைக்கும் நீயே வந்து சொல்லு. நான் பக்கத்துல உக்காந்திருக்கேன்"னு சொல்லிட்டு வச்சிட்டான். என்னைய எடுத்து வளத்த அப்பன் மாதிரி பேசுறான். அவனுக்கு மூக்குச் சிந்திவிட்டவ நான்!

உண்மையச் சொல்லிருங்கன்னு சொல்ற. ரொம்ப சுலபமாச் சொல்லிட்ட. நீ சொல்வியா? உங்க வீட்டுப் பக்கத்து வீட்டுப் பொம்பளைகிட்ட, ஒத்தப் புள்ளையப் பறிகுடுத்தவகிட்ட, அதுக்குக் காரணம் நான்னு சொல்வியா? எனக்குப் பயமா இருக்குமா. அந்தப் பொம்பளையப் பத்தி உனக்குத் தெரியாது. தீபாவளிக்குப் போனா எனக்குன்னு தனியா அதிரசம் எடுத்து வச்சிருக்கும். "எம்புள்ளைக்கு லெட்டர் எழுதுன கை இது"ன்னு என் கையப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கும். ஒவ்வொரு வருஷமும்.

சொல்லாம விட்டா என்னங்கிறியா? அதுவும் முடியாது. சுப்பு எழுத்துல இருக்கிறத மட்டும் வாசிச்சுட்டான்னு வையி. "அம்மாவிடம் சொல்லுங்கள், அம்மா அடிக்க மாட்டார்." அத்தை என்ன நெனைக்கும்? அவ்வளவு தூரம் டிவிக்காரனே சொல்லியும் எம்புள்ள எங்கிட்ட வரல, அம்புட்டுப் பயம் எம்மேலன்னு நெனைக்கும். இன்னைக்குச் சாயங்காலமே தூக்குல தொங்கிரும் அது. நான் பொய் சொன்னா என் தம்பி எனக்கு இல்ல. நான் சும்மா இருந்தா அத்தை இல்ல. எந்தப் பக்கம் போனாலும் இடிக்குது.

ராஜபாளையம் வந்துருச்சா? அதுக்குள்ளயா?

அந்தா நிக்கிறான் பாரு. நீலச் சட்டை, வண்டியச் சாய்ச்சுக்கிட்டு. என் தம்பி. பின்னாடி யாரு அது... ஐயோ. ஐயய்யோ. அத்தையக் கூட்டிக்கிட்டு வந்திருக்கான்மா. வீட்லதான இருக்கும்னு நெனச்சேன். நீ இங்கிட்டு வந்து ஜன்னல் பக்கம் உக்காரு, நான் அங்கிட்டு நகர்றேன். பைய எடுத்து மேல வையி, மறைக்கட்டும். அண்ணே, கண்டக்டர் அண்ணே, தென்காசிக்கு ஒரு டிக்கெட் குடுங்க. ஆமா, ராஜபாளையந்தான் எடுத்தேன். இறங்கல. மேல போறேன். குடுங்கண்ணே. வண்டி எவ்வளவு நேரம் நிக்கும்? சீக்கிரம் எடுக்கச் சொல்லுங்கண்ணே.

பாத்துருச்சு. இங்கிட்டுத்தான் வருது. கால இழுத்து இழுத்து வருது.

அத்தை. ஆமத்தை, நான்தான். தூங்கல, இல்ல. இறங்கத்தான் போறேன், கூட்டமா இருக்கு. எதுக்கு இந்த வெயில்ல வந்து நிக்கிறீங்க? வீட்டுக்கு வந்து பேசுவோம்த்தை. இங்கயேவா? பஸ்சுல எல்லாரும் இருக்காங்க அத்தை. நான் இல்லன்னா படத்தப் போட மாட்டேன்னு சுப்பு சொல்லிட்டானா. ம். சாப்பிடலையா நீங்க காலையில இருந்து? அழாதீங்கத்தை. ஜன்னல் கம்பியப் பிடிச்சுக்கிட்டு அழாதீங்க, எல்லாரும் பாக்குறாங்க. என்ன கேக்குறீங்க? அது ஒண்ணுதான் தெரியணுமா.

இல்லத்தை. உங்களுக்குப் பயந்து இல்ல. நீங்க அடிச்சதுக்குப் பயந்து இல்லவே இல்ல. டிவிக்காரன் அம்மாகிட்ட ஓடிப்போய்ச் சொல்லுன்னுதான் சொன்னான். அம்மா அடிக்க மாட்டாங்கன்னு சொன்னான். நான்தான் மாத்திச் சொன்னேன். சொன்னா சக்தி போயிரும்னு நான்தான் சொன்னேன். எனக்கு இந்தி தெரியாது அத்தை. அன்னைக்கும் தெரியாது, இன்னைக்கும் தெரியாது. உங்க மகன் என்னைய நம்பிட்டான்.

அத்தை.

திட்டுங்க. அப்படிப் பாக்காதீங்க.

விசில் அடிச்சிட்டாரு அத்தை. வண்டி நகருது. கம்பிய விடுங்க. டேய் சுப்பு, ஓடியாடா, அத்தையப் பிடிடா. அத்தை, வண்டி நகருது, கைய எடுங்க. அத்தை, கைய எடுங்க.